யாரும் கவனிக்காத மாதங்கள்

மாதவிடாய் தள்ளிப்போய், இன்னும் ஒரு வாரம் பொறுத்து, பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகளைப் பார்க்கும் நாளில் கருவுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருக்கும். பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்வது கருத்தரித்த 28ஆம் நாள் வாக்கில். செய்தியை வீட்டில் சொல்லி, மருத்துவரிடம் நேரம் வாங்கி, போய் உட்காருவதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அது ஒழுங்காக முடிய ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் தேவை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமில்லாமல் காட்டியது. முன்பு நரம்புக்குழல் குறைபாட்டோடு ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு, அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். மறுபடியும் அதே குறை வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் எல்லாப் பெண்களும் கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். முந்தைய கர்ப்பத்தில் இந்தக் குறை இருந்தவர்களுக்கு அளவு பத்து மடங்கு. அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். திட்டமிடாமல் உண்டாகும் கர்ப்பங்கள் ஏராளம் என்பதால், அமெரிக்கா 1998இல் மாவிலேயே இதைக் கலக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. மாத்திரையை நம்பினால் நாள் தவறிவிடும் என்பதை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி.

பிள்ளை வளர்ப்பில் குடும்பத்தின் கவலை ஒரு நாட்காட்டியைப் பார்த்து நடக்கிறது, குழந்தையின் உடம்பு வேறொரு நாட்காட்டியைப் பார்த்து நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். எல்லாரும் பதறும் நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. முக்கியமான சில காரியங்கள் வீடே நிம்மதியாக இருக்கும் மாதங்களில் நடந்து முடிகின்றன. அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. முழுப் பட்டியல் வேண்டுவோர் தடுப்பூசி அட்டையையும் மருத்துவரையும் பார்க்கட்டும்.

தராசு சொல்லாதது

1944 நவம்பரிலிருந்து 1945 மே வரை நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் உணவு வரத்தைத் தடுத்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பங்கு மோசமான வாரங்களில் 400 முதல் 800 கலோரிக்கு இறங்கியது. போர் முடிந்ததும் பஞ்சமும் சட்டென்று தீர்ந்தது. பிறப்புப் பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால், எந்தக் குழந்தை தாயின் வயிற்றில் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று பிற்காலத்தில் பிரித்துப் பார்க்க முடிந்தது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தில் சிக்கிய குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. இது எதிர்பார்த்ததுதான். முதல் மூன்று மாதங்களில் மட்டும் சிக்கிய குழந்தைகளோ வழக்கமான எடையோடு பிறந்தன. தராசு ஒரு குறையையும் காட்டவில்லை. ஆனால் ஐம்பது வயதை எட்டியபோது இதய நோயும் இரத்தக் கொழுப்புக் கோளாறும் இந்த இரண்டாம் கூட்டத்தில்தான் அதிகம் தெரிந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயர் பகுதியில் செவிலியர்கள் எழுதிவைத்த பழைய பேரேடுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர், பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் இறப்பது கூடுதல் என்று காட்டினார். பிறப்புக்கு முந்திய மாதங்கள் முதுமை வரை பேசும் என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியது இப்படித்தான்.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, அந்த மூன்று மாதத்தில் வாந்தி தாங்காமல் சரியாகச் சாப்பிடாத பெண் நடுங்க வேண்டியதில்லை. பஞ்சம் வேறு, மசக்கை வேறு. மாதக்கணக்கில் உணவே கிடைக்காத ஒரு கூட்டத்தின் சராசரி அது. ஒரு தனி மனிதரின் தலையெழுத்து அல்ல. கர்ப்பிணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே இந்தத் துறையின் முடிவுகள் அடிக்கடி பயன்படுவது எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. அந்த ஆய்வுகள் பேசியது சமூகம் கர்ப்பிணிக்கு என்ன கொடுத்தது என்பதைப் பற்றி.

அவள் கையில் இருப்பவை வேறு. மதுவும் புகையும் வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் விடும் புகையும் கணக்கில் சேரும். ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகள் கருவுக்கு ஒத்துவருமா என்று கருத்தரிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. தானாக நிறுத்துவது சில நேரம் மருந்தைவிட ஆபத்து. 20ஆம் வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறுவதும், 24இலிருந்து 28ஆம் வாரத்துக்குள் சோதனையில் தெரியும் கர்ப்பகால சர்க்கரையும் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாமல் வருபவை. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று சோதனையைத் தள்ளிப்போடுவதில் உள்ள சிக்கல் இதுதான். கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகின்றன. தன் முதல் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் வயது வரும் முன்பே கக்குவான் இருமலுக்குப் பலியாகக்கூடிய பச்சிளம் குழந்தையைக் காக்க, கர்ப்பிணிக்கு ஊசி போடும் வழக்கம் பல நாடுகளில் வந்தது இந்தக் கணக்கில்தான்.

முதல் நாள்களின் அவசரம்

பிரசவ அறையில் தொப்புள்கொடியை உடனே கத்தரிப்பது நெடுநாள் பழக்கம். ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்தால் நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் இரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். அதோடு சில மாதங்களுக்கான இரும்புச்சத்தும் வரும். குழந்தைக்கு உடனடியாக உயிர் காக்கும் உதவி தேவைப்படாத வரை ஒரு நிமிடத்துக்கு முன் இடுக்கி போடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கேட்க யாருக்கும் தோன்றாது. பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசியும் அப்படித்தான். பச்சிளம் குழந்தைகளுக்கு அரிதாக, ஆனால் மூளைக்குள்ளேயே ஏற்படக்கூடிய இரத்தக்கசிவை அது தடுக்கிறது.

தாய்ப்பால் பற்றிப் பேசாதவர்கள் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடக்கம், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட இல்லாமல் அது மட்டும், பிறகு மற்ற உணவுகளோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும். முதல் சில நாள்களில் குழந்தை பிறந்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை இழக்கும். இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். 'பால் போதவில்லை' என்ற பேச்சு பெரும்பாலும் இந்த நாள்களில்தான் கிளம்பி, தேவையில்லாமல் புட்டிக்குக் கொண்டுபோய் விடுகிறது. நாளைக்கு ஆறேழு முறை சிறுநீர் நனைத்து, எடை ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது. உண்மையிலேயே கொடுக்க முடியாதவர்களுக்குக் குழந்தைப் பால்மாவு இருக்கிறது; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல நாடுகளின் மருத்துவர்கள் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். கக்கினால் புரையேறாது என்பது அவர்கள் சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் நெதர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன் என்று ஒவ்வொரு நாடாக அந்த அறிவுரையைத் திருப்பிப் போட்டது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. புது மருந்தோ கருவியோ இல்லை. கெட்டியான படுக்கை, தலையணை வேண்டாம், தளர்ந்த போர்வை வேண்டாம், முகம் மேலே பார்த்தபடி. இவ்வளவுதான்.

காது கேட்கும் திறனையும் இந்த நாள்களிலேயே பார்த்துவிட வேண்டும். பிறக்கும் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகளுக்கு நிரந்தரக் கேட்புக் குறை இருக்கிறது. அந்தக் குழந்தையும் சிரிக்கும், மழலையாகச் சத்தம் எழுப்பும், கதவு அறைந்தால் அதிர்வில் திரும்பும். பேச்சு வரவில்லையே என்று வீடு கவலைப்படத் தொடங்கும்போது இரண்டு வயது ஆகியிருக்கும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பது நிபுணர்கள் வைத்த இலக்கு. மொழி கேட்கும் வேலையை மூளை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவதால்தான் இத்தனை அவசரம்.

காய்ச்சலுக்கும் வயதுதான் கணக்கு. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே உடனடியாக மருத்துவமனை. இரவு, விடுமுறை என்று பார்க்கக் கூடாது. அதே 38 டிகிரியோடு விளையாடிக்கொண்டு தண்ணீர் குடிக்கும் நான்கு வயதுப் பிள்ளையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு இலேசான சூடுதானே என்று காத்திருப்பார்கள். பெரிய பிள்ளைக்கு வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவார்கள்.

இத்தனை சோதனைகளும் குழந்தைக்கு. பெற்றவளை யாரும் கேட்பதில்லை. புதிதாகப் பிரசவித்த பெண்களில் உலக அளவில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. அதிகம் அழுகிறாள், அல்லது அழுவதேகூட இல்லை. குழந்தையைத் தூக்கத் தோன்றவில்லை. உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வரவில்லை. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவைப்படும் நோய். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.

இரும்பு தீரும் மாதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

முழு மாதத்தில் பிறந்த குழந்தை, தாயிடமிருந்து வாங்கி வந்த இரும்பை வைத்து நான்கிலிருந்து ஆறு மாதம் ஓட்டும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு; இருப்பது நன்றாகச் செரிக்கும் என்றாலும் அளவு போதாது. அதே சமயம் குழந்தையின் எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாகி, ஒரு வயதில் மும்மடங்காகிறது. அத்தனை புது இரத்தத்துக்கும் இரும்பு வேண்டும். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்குத் தினம் 11 மில்லிகிராம் இரும்பு. வளர்ந்த ஆணுக்கு 8. பத்துக் கிலோகூட இல்லாத உயிருக்கு அப்பாவைவிட அதிகம் தேவை, அதுவும் கையளவு வயிற்றில் அடங்கும் சோற்றிலிருந்து.

அந்த நேரத்தில் குழந்தைக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி, பழக்கூழ், பால். வயிறு நிறையும், எடைகூட ஏறும், இரும்பு மட்டும் ஏறாது. ஆறு மாதம் முடிந்ததும் தரும் முதல் உணவுகளிலேயே இறைச்சி, முட்டை, பருப்பு, இரும்பு சேர்த்த தானியம் என்று ஏதாவது இருக்க வேண்டும். தாவர உணவு மட்டும் தரும் வீடுகளில் அதோடு வைட்டமின் சி உள்ள பழமோ காயோ சேர்த்தால் உடம்பு இரும்பை நன்றாக வாங்கிக்கொள்ளும். மாட்டுப் பாலை ஒரு வயது வரை முக்கிய பானமாகக் கொடுக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே முதல் காரணம். அதில் இரும்பு அறவே குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவையும் உண்டாக்கும். ஒரு வயதுக்குப் பிறகும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடம் இருக்காது. 'சாப்பிடவே மாட்டேன் என்கிறான், பாலாவது குடிக்கிறானே' என்று ஆறுதல்படும் இடத்தில்தான் சோகை தொடங்குகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சேமிப்பு மிகக் குறைவு. கடைசி மாதங்களில்தான் அது சேரும். அவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் இரும்புச் சொட்டு மருந்தை மறக்காமல் கொடுக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் சரிசெய்வது எளிதல்ல. பெட்ஸி லோசாஃப் என்ற குழந்தை மருத்துவர் கோஸ்டாரிகாவில் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்த குழந்தைகளைச் சோதித்து, அவர்கள் பத்தொன்பது வயது ஆகும் வரை தொடர்ந்து பார்த்தார். நாள்பட்ட இரும்புக் குறை இருந்தவர்களுக்கு அப்போதே மருந்து கொடுத்து இரத்தம் சரியாகிவிட்டது. ஆனாலும் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். ஏழைக் குடும்பங்களில் அந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. இரும்பு இரத்தத்துக்கு மட்டும் போவதில்லை. நரம்பு இழைகளுக்கு உறை போடவும், நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைச் செய்யவும் மூளைக்கும் அது வேண்டும். மூளை இரண்டு வயதுக்குள் பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது.

உணவைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்ற நம்பிக்கை இன்னொரு வகையிலும் பொய்த்தது. ஒவ்வாமைக்குப் பயந்து நிலக்கடலையை மூன்று வயது வரை தரக் கூடாது என்று சில நாடுகளில் மருத்துவர்களே சொன்னார்கள். லண்டனில் கிடியன் லாக் குழுவினர், ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் ஆண்டிலிருந்தே நிலக்கடலை உணவு கொடுக்கச் சொன்னார்கள். முடிவு 2015இல் வந்தது. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. கொடுப்பது கூழாகவோ பொடியாகவோ இருக்க வேண்டும். முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும். கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. தேன் மட்டும் ஒரு வயது வரை துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும்.

சாப்பிட மறுக்கும் வயது

முதல் பிறந்தநாள் கழிந்ததும் ஒரு கலவரம் வரும். நன்றாகச் சாப்பிட்ட குழந்தை வாயை மூடிக்கொள்ளும். முதல் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டர் வளர்ந்த உடம்பு, இரண்டாம் ஆண்டில் அதில் பாதிதான் வளரும். அதன் பிறகு ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர். வளர்ச்சி குறையும்போது பசியும் குறைவது இயல்பு. வீட்டில் துரத்தித் துரத்தி ஊட்டுவது, கைப்பேசியைக் காட்டி வாயைத் திறக்க வைப்பது எல்லாம் தொடங்குவது சரியாக இந்த இடத்தில். குழந்தை தன் பசியைத் தானே உணரும் திறனோடுதான் பிறக்கிறது. அதை மழுங்கடிக்க நாம் மெனக்கெடுகிறோம்.

1920களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பல வகை உணவை வைத்து, ஒருவரும் ஊட்டாமல், ஒன்றும் சொல்லாமல், விருப்பம்போலச் சாப்பிட விட்டார். ஒரு வேளை ஒன்றையே தின்றார்கள், மறுவேளை அதைத் தொடவே இல்லை. மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். பிள்ளைக்கு எது நல்லது என்று பிள்ளைக்கே தெரியும் என இதைச் சிலர் தவறாக எடுத்துக்கொண்டார்கள். டேவிஸே விளக்கினார்: தட்டில் வைத்தவை எல்லாமே நல்ல உணவுகள், இனிப்புப் பண்டமோ டப்பா உணவோ இல்லை, சூட்சுமம் அதில்தான். என்ன உணவு, எந்த நேரம் என்பது பெரியவர் வேலை. எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. ஒரு காயைப் பத்து முறை துப்பிவிட்டுப் பதினோராவது முறை தின்னும் குழந்தைகள் நிறைய உண்டு. மூன்றாவது முறையே 'இவனுக்கு இது பிடிக்காது' என்று முடிவுகட்டுவது நாம்தான்.

வளர்ச்சி சரியா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அளவுகோல் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து வரைந்தவை. நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த இடத்தில் முதல் ஐந்தாண்டுகளில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். 'எங்கள் பரம்பரையே குட்டைதான்' என்று ஒரு தளர்ந்த குழந்தையைக் கவனிக்காமல் விடுவதற்கு இது பதில். மறுபக்கம், வரைபடத்தில் 15ஆம் சதமான இடத்தில் இருப்பது தேர்வில் 15 மதிப்பெண் வாங்கியது போல அல்ல. நூறு ஆரோக்கியமான குழந்தைகளில் பதினைந்து பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு நாள் எடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. கோடு தன் பாதையிலேயே போகிறதா, தட்டையாகிறதா, சரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பேச்சும் உறவும் பற்றி ஒன்று. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, 2000 வாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. விடுதியில் உணவும் கூரையும் இருந்தன. அழுதால் ஓடிவந்து தூக்க ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை. குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். இதைக் காட்டி 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று பெற்றோரை மிரட்டுபவர்கள், தாமதமாகப் போனவர்களுக்கும் பல வகையில் நன்மை கிடைத்ததைச் சொல்வதில்லை. குழந்தை ஒரு சத்தம் கொடுத்தால் திரும்பப் பதில் கொடுப்பதும், குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் பேசிக்கொண்டே இருப்பதும் போதும். மூளை வளர்ச்சிக்கென விற்கும் அட்டைகளும் செயலிகளும் தேவையில்லை.

பள்ளிப் பையின் நிழலில்

குழந்தையின் ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருந்தால் அது சொல்லாது. சொல்லத் தெரியாதது அல்ல காரணம். உலகம் எல்லாருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைக்கிறது. மங்கிய கண்ணின் செய்தியை மூளை மெல்ல ஒதுக்கிவிட, கண் நன்றாக இருந்தும் பார்வை வளராமல் போகிறது. சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்வார்கள். பூனைக்குட்டிகளில் இந்த ஒதுக்கலை விளக்கிய டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைப்பதும்தான் சிகிச்சை. ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். எனவே மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள், எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக ஒரு முறை சோதித்துவிட வேண்டும்.

கிட்டப்பார்வை வேறு கதை. பள்ளி வயதில் கண்விழி நீள்வதால் அது வருகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், பாதிப் பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினம் 40 நிமிடம் வெளியில் ஒரு கூடுதல் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5. வெளிச்சம்தான் மருந்து. வெளியே ஓடினாலும் சரி, மரத்தடியில் சும்மா உட்கார்ந்தாலும் சரி. விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியிடம் இந்த எண்களைக் காட்டலாம்.

ஆறு வயதில் இரண்டு காரியங்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. ஒன்று, பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். சொத்தையானாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவது ஆயுள் முழுவதற்குமான பல்லை. ஃபுளோரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் அதற்குச் சரி.

இரண்டாவது எடை. பிறந்த குழந்தை முதல் ஆண்டில் கொழுகொழுவென்று ஆகி, பிறகு மெலியத் தொடங்கி, நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் வாழ்நாளிலேயே மிக ஒல்லியான கட்டத்துக்கு வரும். விலா எலும்பு தெரியும். அது நோயல்ல. அதன் பிறகு மெல்லச் சதை பிடிக்கும். இந்தத் திரும்பல் மூன்று, நான்கு வயதிலேயே வந்துவிடும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் உடல் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்று பிரான்சில் ரோலான் கஷேரா 1984இலேயே காட்டினார். ஒல்லியாக இருக்க வேண்டிய வயதில் ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்குச் சத்துமாவும் பசி மருந்தும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்து வயதில் பருமனுக்கு வைத்தியம் தேடும் குடும்பங்கள் கொஞ்சமல்ல.

தூக்கத்தை யாரும் மருத்துவமாக நினைப்பதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்ம வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரமும் தேவை. பூப்பெய்தும் பருவத்தில் உடம்பின் தூக்க நேரமே ஓரிரு மணி நேரம் பின்னால் நகர்கிறது. இரவு பதினொன்று வரை உறக்கம் வராதது பிடிவாதம் அல்ல. கைப்பேசி அதை இன்னும் தள்ளுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு விடியற்காலையில் தனிப்பயிற்சிக்கு எழுப்பினால் என்ன பயன்? நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் கேட்டுக்கொண்டது.

உயரம் விறுவிறுவென ஏறும் காலம் பெண்களுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண்களுக்குப் பதினான்கை ஒட்டியும் வரும். அந்த உச்சத்தைச் சுற்றிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் எலும்பில் சேரும் தாதுப்பொருள் வாழ்நாள் சேமிப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு. குதித்து ஓடி எலும்புக்குப் பாரம் கொடுக்க வேண்டிய அதே ஆண்டுகளில்தான் பெண் பிள்ளைகள் விளையாட்டை விடுகிறார்கள், அல்லது விட வைக்கப்படுகிறார்கள். மாதவிடாயால் இரும்புத் தேவை மறுபடி ஏறுவதும் இப்போதுதான். களைப்பு, படிப்பில் கவனக் குறைவு, மூச்சு வாங்குதல் ஆகியவற்றைச் சோம்பல் என்று திட்டும் முன் ஒரு முறை ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது. கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போடச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கிருமியைச் சந்திக்கும் முன்பே எதிர்ப்பு உருவாகிவிட வேண்டும் என்பதுதான். இத்தனை சின்ன வயதில் எதற்கு என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அந்த வயதில்தான் எதிர்ப்பாற்றலும் நன்றாகப் பிடிக்கிறது.

பதின்ம வயதில் நடப்பவற்றை இனி நம்மால் நேரில் பார்க்க முடியாது; பிள்ளை சொன்னால்தான் தெரியும். உணவைத் திட்டமிட்டுத் தவிர்ப்பது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, யாரோ தரும் தொந்தரவு என எதுவும் எடைக் கருவியிலும் வெப்பமானியிலும் வராது. இந்த வயதுப் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, சந்திப்பின் ஒரு பகுதியில் பெற்றோர் வெளியே காத்திருக்கும்படி பல நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான விஷயமாக இல்லாதவரை பிள்ளை சொன்னதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை என்று பிள்ளைக்கே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். பல பெற்றோருக்கு அது மனத்தாங்கலாக இருக்கும். பத்தாண்டுகளாக ஒவ்வொரு ஊசிக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்தானே. ஆனாலும் கேட்கப்படும்போது எழுந்து வெளியே போய்விடுவது நல்லது.